கடுக்காய் மலையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வீடியோவில் வைத்தியம் பார்த்துக் காசு வாங்கும் செயலிகளின் நிர்வாகம்
வழி: சிக்னல் கிடைக்கும் பாறை, கல்வராயன் மலை
பொருள்: கட்டணம் எதற்கு என்று விளங்காமை

ஐயா,

டாக்டருக்காகக் காத்துக் கிடந்த காலம் மலையேறிவிட்டது என்கிறீர்கள். உண்மைதான். மலையேறிய அந்தக் காலம் வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்களில் சவுகரியமாகக் குடியிருக்கிறது. பின்னாலேயே ஏறியிருக்க வேண்டிய டவர்தான் பல ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இம்மலை மக்களுக்குச் சாலை முதலான வசதிகள் உண்டா என்று சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கேட்க வேண்டியிருந்தது.

வயிற்றுவலிக்காரர் ஒருவர் பாறைமேல் ஏறிப் பணம் கட்டுகிறார் என்று வையுங்கள். படம் உறைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. கடைசியில் டாக்டர் சொல்வது: “வயிற்றை அமுக்கிப் பார்க்கணும், நேர்ல போங்க.” டாக்டர் மீது குற்றமில்லை, சரியான வைத்தியம் அதுதான். ஆனால் அதையே வயிற்றுவலிக்காரரின் மாமியார் காலையில் இலவசமாகச் சொல்லியிருப்பார். இனி சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி வரை பஸ் காசு தனி. கடுக்காய் இம்மலையில் தாராளமாக விளைகிறது. தாங்கள் வேறு கொடுக்க வேண்டியதில்லை.

அதற்காக வீடியோ வைத்தியமே வீண் என்று சொல்லிவிட முடியாது. இம்மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டமும் மத்திய அரசின் வீடியோ வைத்தியச் சேவையான இ-சஞ்சீவனியும் 2019 நவம்பரில் பிறந்த ஒரே மாதத்துப் பிள்ளைகள். ஊரடங்கில், 2020 ஏப்ரலில், இ-சஞ்சீவனி வீடுகளுக்கும் வந்தது. காசு கிடையாது. சுகாதார நிலையத்திலிருந்து பேசினால் பக்கத்தில் பணியாளர் ஒருவர் இருப்பார். ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வார். அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களிலும் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதித்த பிறகே டாக்டர் திரையில் வருகிறார். நோயாளி பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. தங்களிடம் இல்லாதது அதுதான்.

சர்க்கரைக்காரர் ரிப்போர்ட்டைக் காட்டி, சென்னையில் ஏற்கெனவே பார்த்த டாக்டரிடம் மாத்திரையின் அளவு கேட்பதானால் தங்கள் கட்டணம் கொள்ளத் தக்கதே. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். புதிதாக வந்த நெஞ்சுவலிக்கு அல்ல, அதற்கு 108.

2020 மார்ச் 25-இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், டாக்டர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும், வாங்கிய காசுக்கு ரசீது தர வேண்டும் என்கின்றன. மேற்படி வயிற்றுவலிக்காரருக்கு அந்தப் பெயர், எண், ரசீது மூன்றையும் தபாலில் அனுப்பவும். தபால்காரர் மலையேறி வருகிறார்.

இப்படிக்கு,
பாறைமேல் அடுத்து நிற்பவர்