இரண்டாம் நாற்காலிக்காரன்

அமெரிக்கப் பள்ளி பேண்டுகளில் நாற்காலிக்கு எண் உண்டு. கிளாரினெட் பிரிவில் நன்றாக வாசிப்பவருக்கு முதல் நாற்காலி. அங்கிருந்து படிப்படியாக இறக்கம். கடைசி நாற்காலிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை, நிம்மதியாக வாசிப்பான். பின்னால் நிற்கும் தாள வாத்தியக்காரர்களுக்குப் பெரும்பாலும் நாற்காலியே கிடையாது. சண்டையும் அந்த அளவுக்குக் குறைவு. தூக்கத்தைத் தொலைத்தவன் இரண்டாம் நாற்காலிக்காரன்தான்.

நோட்ஸில் ‘சோலோ’ என்று போட்ட இடமெல்லாம் முதல் நாற்காலிக்குப் போகும். நம் ஆள் கிளாரினெட்டை மடியில் கிடத்திக்கொண்டு தாளத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோலோ அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். 1924-இல் அரங்கேறிய கெர்ஷ்வினின் ‘ராப்சோடி இன் ப்ளூ’, கிளாரினெட் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் ஓர் இழுப்பில் தொடங்கும். பேண்ட் அதை எடுக்காத வருஷத்திலும் வீட்டில் பழகி வைத்திருப்பான். முதல் நாற்காலிக்காரி இருமினால் ஓடிப்போய் நலம் விசாரிப்பவனும் அவனே. டாக்டர் எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார் என்பதில் அவனுக்குத் தனி அக்கறை.

வருஷத் தொடக்க ஆடிஷனில் ஸ்கேல்கள், தயார் செய்த ஒரு பகுதி, பிறகு கண்ணில் பட்டேயிராத நோட்ஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் சோதனை. அதோடு முடிந்தால் பரவாயில்லை. பல பள்ளிகளில் நடுவில் ‘சேலஞ்ச்’ உண்டு: மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் அழைக்கலாம். இருவரும் ஒரே பகுதியை வாசிப்பார்கள். யார் என்று தெரியாமலிருக்க டைரக்டர் முதுகைக் காட்டி உட்காருவார். ஜெயித்தவர் நாற்காலி மாறலாம்.

இதற்கென்றே நம் ஆளிடம் ஒரு ரீட் பத்திரமாக இருக்கும். நாணலில் செய்த மெல்லிய பட்டை. பெட்டிக்குப் பத்து வரும், அவன் கணக்கில் இரண்டோ மூன்றோதான் தேறும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு வைப்பான். தோற்றால் குற்றவாளியும் அந்த ரீட்தான்: மழைக்கு ஊறிவிட்டது, ஏ.சி.யில் காய்ந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. ஆனால் ரீட் ஈரப்பதத்துக்கு வளைந்துகொடுக்கும் என்பது உண்மையாகிவிட்டதால் யாராலும் மறுக்க முடிவதில்லை.

டெக்சாஸ் மாநில பேண்டுக்கான தேர்வுக்குப் போனால் இன்னும் கெடுபிடி. நடுவர்கள் திரைக்குப் பின்னால். மாணவன் வெறும் எண். வாயைத் திறக்கக்கூடாது, சந்தேகமிருந்தால் பக்கத்தில் நிற்கும் கண்காணிப்பாளரிடம் கிசுகிசுக்க வேண்டும். தேறியவர்கள் பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் மேடையேறுவார்கள். தேறாவிட்டால் திரைக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அதில் நம் ஆளுக்கு மகா வருத்தம்.

ஒரு நாள் ஜெயித்தும் விடுவான். மறுவாரமே கொள்கை மாறும். அடிக்கடி சேலஞ்ச் வைத்தால் பேண்டின் ஒற்றுமை என்ன ஆவது, வருஷத்துக்கு ஒரு தடவை போதாதா என்று டைரக்டரிடம் தனியாகப் போய்க் கேட்பான். அவரும் தலையாட்டிக்கொண்டே, மூன்றாம் நாற்காலிக்காரி அன்று காலை எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டுவார்.