என் தே தாரிக்கும் நாட்டின் பொருளாதாரமும்

சிக்கன அறிவுரை வழங்கும் மேன்மைதங்கிய துறையின் டத்தோஸ்ரீ, டத்தோ, துவான், புவான் அனைவருக்கும், தஞ்சோங் டாவாய் சாலையோரத் தாமான்வாசி ஒருவனின் தாழ்மையான வணக்கம்.

உங்கள் துறையின் பெயரை நான் எழுதவில்லை. பயம் இல்லை, மரியாதை. அடுத்த உதவிப் பட்டியலிலும் என் பெயர் இருக்க வேண்டும் என்கிற மரியாதை.

போன சனிக்கிழமை எங்கள் பொதுமண்டபத்தில் நீங்கள் நடத்திய குடும்ப நிதிக் கருத்தரங்குக்கு நானும் வந்திருந்தேன். வந்தால்தான் உதவிப் பாரத்தில் சாப் குத்துவோம் என்று சொன்ன பிறகு யார்தான் வராமல் இருப்பார்கள்? ஆளுக்கொரு தாள் கொடுத்தீர்கள். ‘நான் விட்டுவிடக்கூடிய ஆடம்பரங்கள்’ என்று தலைப்பு, கீழே ஐந்து கோடுகள். ஐந்து ஆடம்பரம் வைத்திருப்பவன் ஏன் சாப் குத்த வந்து வரிசையில் நிற்கிறான் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மனசுக்குள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். காற்றாடி, அரிசிப் பானை, மனைவி. கடைசியில் முதல் கோட்டில் எழுதினேன்: ‘தே தாரிக், நாளைக்கு இரண்டு.’

மைக் வைத்திருந்த உங்கள் அதிகாரித் தம்பிக்கு அந்தத் தாள்தான் கையில் அகப்பட வேண்டுமா? “அங்கிள், கொஞ்சம் எழுந்து நில்லுங்க” என்றார். நின்றேன். மைக்கில் வாசித்தார். கோப்பை இரண்டு வெள்ளி, நாளைக்கு நான்கு வெள்ளி, ஆண்டுக்கு 1,460 வெள்ளி என்று திரையில் பெருக்கிக் காட்டினார். “பாருங்க, இந்த அங்கிள் கையிலேயே ஒரு சேமிப்பு இருந்திருக்கு, குடிச்சே தீர்த்துட்டார்!” குடித்தே தீர்த்துவிட்டார் என்றதும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் சம்பந்தி அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கைதட்டச் சொன்னீர்கள், தட்டினார்கள். தம்பி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். என்னை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த ஸ்லைடை அதனால் நின்றுகொண்டே படித்தேன். நல்ல ஸ்லைடு. 2026 ஜனவரியிலிருந்து ஊழியர் சேமநிதி வாரியமான இபிஎப் புதிய அளவுகோல் வைத்திருக்கிறதாம். அறுபது வயதில் அடிப்படைச் சேமிப்பு 3,90,000 வெள்ளி, போதுமான சேமிப்பு 6,50,000, அதற்கும் மேலே 13 லட்சம். எங்கள் மண்டபத்தில் அந்த நேரம் இருந்தவர்களில் பாதிப் பேர் கருவாடு காயவைக்கிறவர்கள், மீதிப் பேர் செம்பனைத் தோட்டத்தில் இருந்து துரத்தப்பட்டவர்கள். ‘அடிப்படை’ என்றதும் எல்லாரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். நாளைக்கு நான்கு வெள்ளி மிச்சம் பிடித்தால் 3,90,000 சேர 97,500 நாள் ஆகும். 267 ஆண்டு. இன்றைக்கே தே தாரிக்கை நிறுத்தினால் 2293ஆம் ஆண்டு வாக்கில் நான் அடிப்படை நிலையை அடைவேன். 13 லட்சத்துக்கு 890 ஆண்டு. ராஜேந்திர சோழன் 1025இல் இந்தக் கடாரத்துக்குப் படையெடுத்து வந்த கையோடு, கப்பலில் இருந்து இறங்கிய ஒரு வீரன் தே தாரிக்கை விட்டிருந்தால், அவன் இந்நேரம் சொகுசாக ஓய்வு பெற்றிருப்பான். அன்றைக்கு மெர்போக் ஆற்றுப் பக்கம் பெரிய வணிகத் துறை. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கினார்கள், பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் கட்டினார்கள். அத்தனையும் ஒரு நாள் சேற்றுக்குள் போயிற்று. அப்போது இந்த ஊரில் ஒருவர்கூட தே தாரிக் குடிக்கவில்லை என்பதைத் துறையின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பொருளாதாரம் சரியும்போதெல்லாம் எங்களை மறக்காத உங்கள் பரிவுக்கு எப்படி நன்றி சொல்வது! உங்களுக்கு முந்தியவர்களும் மறந்ததில்லை. 1930களில் ரப்பர் விலை படுத்தபோது, அன்றைய துரைமார்கள் தோட்டத் தொழிலாளியின் கூலியைக் குறைத்தார்கள். அப்படியும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பினார்கள். பினாங்கில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்குவது. என்ன சிக்கனம் பாருங்கள்! தே தாரிக்கை நிறுத்தச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், குடிக்கிற ஆளையே நிறுத்திவிட்டார்கள்.

1974 கடைசியில் மறுபடி ரப்பர் விலை விழுந்தது. நம் கெடாவில், பாலிங்கில், பால்வெட்டுக் குடியானவர்கள் பசி என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். அன்றைய இளைஞர் தலைவர் அன்வார் இப்ராகிம் உள்ளே போனார். இன்றைக்கு அவர்தான் பிரதமர், நிதியமைச்சரும் அவரே. அந்த நாட்களில் வந்த அறிவுரை ‘பசுமைப் புத்தகம்’ திட்டம்: வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள். நல்ல யோசனைதான். லயத்து வீட்டைச் சுற்றி இருந்த இடத்தில் ஒரு மிளகாய்ச் செடி வைக்கலாம், அதுவும் கிராணி பார்க்காத நேரத்தில்.

1998இல் நாட்டின் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. டாலருக்கு இரண்டரையாக இருந்த வெள்ளி ஜனவரியில் 4.88 வரை போயிற்று, செப்டம்பரில் 3.80இல் ஆணி அடித்து நிறுத்தினார்கள். அந்த முறை குற்றவாளி ஜார்ஜ் சோரோஸ் என்றார் டாக்டர் மகாதீர். சோரோஸின் காலை உணவில் தே தாரிக் உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. 2014இல் விலைவாசி ஏறுகிறது என்று முணுமுணுத்தோம். கங்கோங் கீரை விலை இறங்கியிருக்கிறதே, அதற்கு ஏன் அரசாங்கத்தைப் பாராட்டவில்லை என்று பிரதமர் நஜிப் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் ஒரு கட்டு கங்கோங்கை வாங்கி அதன் முன் நின்று பாராட்டியிருக்க வேண்டும். மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்தது, இரண்டு வேலை பாருங்கள் என்றார் ஒரு துணையமைச்சர்.

அதே நஜிப் காலத்தில்தான் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியைச் சூறையாடினார்கள். அமெரிக்க நீதித்துறை சொன்ன கணக்கு 450 கோடி டாலர். டாலருக்கு நான்கு வெள்ளி என்று வைத்தால் 1,800 கோடி வெள்ளி. உங்கள் தம்பியின் பெருக்கல் முறைப்படி 900 கோடி தே தாரிக். நாளைக்கு இரண்டு வீதம் நான் தொடர்ந்து குடித்தால் 1 கோடியே 23 லட்சம் ஆண்டு ஆகும். மனிதன் குரங்காக இருந்த காலத்திலேயே நான் ஆரம்பித்திருக்க வேண்டும். இந்தப் பணம் போன பிறகு யாராவது ஒரு தலைவரை மண்டபத்தில் எழுப்பி நிறுத்தி, உட்காரச் சொல்ல மறந்தார்களா?

அப்புறம் தொற்றுக்காலம். அதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் கடைசியில் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகளில் வெள்ளைத் துணியைக் கொடியாகக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். நாடெங்கும் அப்படித்தான் நடந்தது. எங்கள் மந்திரி பெசாருக்கு அது அரசியல் பிரசாரமாகத் தெரிந்தது. கொடியைத் தூக்காதீர்கள், கையைத் தூக்கிப் பிரார்த்தியுங்கள் என்றார் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். உதவி என்ற பெயரில் எங்களுக்கு எதைத் திறந்துவிட்டீர்கள்? இபிஎப்பை. எங்கள் சம்பளத்தில் பிடித்து, நாங்கள் கிழவர்களான பிறகு தருகிறோம் என்று வைத்திருந்த எங்கள் பணத்தை. நான்கு திட்டம், நான்கு பெயர், மொத்தம் 14,500 கோடி வெள்ளி. 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தோம். பால்மாவுக்கு எடுத்தோம், வாடகைக்கு எடுத்தோம், சவப்பெட்டிக்கு எடுத்தோம். எங்கள் முதுமையை நாங்களே வெட்டித் தின்றோம். அதை அரசாங்க நிவாரணம் என்று தொலைக்காட்சியில் வாசித்தீர்கள். இப்போது ஸ்லைடு போட்டு ‘உங்கள் சேமிப்பு ஏன் குறைந்தது?’ என்று எங்களையே கேட்கிறீர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். மேன்மைதங்கிய துறையிடம் குரல் உயர்த்தியது முறையல்ல. காலையில் தே தாரிக் குடிக்காததன் விளைவு என்று எடுத்துக்கொள்ளவும்.

அந்த இரண்டு வெள்ளிக்கு எனக்கு என்னென்ன கிடைக்கிறது என்பதையும் தம்பி பெருக்கிக் காட்டியிருக்கலாம். எங்கள் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக்குக்கு இரண்டு தமிழ்ப் பத்திரிகை இலவசம். சுங்கை பட்டாணியில் எந்தத் தொழிற்சாலை ஓவர்டைமை நிறுத்தியது, பாக்கார் அராங்கில் எங்கே ஆள் எடுக்கிறார்கள், எவன் மகன் சிங்கப்பூருக்குப் போய் எந்த ஏஜெண்டிடம் ஏமாந்தான் என்பதெல்லாம் உங்கள் இணையத்தளத்துக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால் அந்த மேசைக்கு வந்துவிடும். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் என்னை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்பதையே அங்கேதான் தெரிந்துகொண்டேன். நோய் இருந்தவரை இரவு பகலாக ஓடிய இயந்திரம், நோய் தணிந்ததும் நின்றது. “மச்சான், உன் லைனையும் மூடுறானுங்களாம்” என்று ஒருவன் சொன்னான். கடிதம் வந்தது பதினைந்து நாள் கழித்து.

செய்தியையும் நாங்கள் அங்கேதான் அலசுகிறோம். வெள்ளி மதிப்பு விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது என்கிறார்கள். ஏறினால் நாட்டுக்கு நல்லது என்கிறார்கள். நல்லது வராத நாளே இந்த நாட்டில் கிடையாது. 2024 பிப்ரவரியில் வெள்ளி 1998க்குப் பிறகு இல்லாத அளவு விழுந்து, டாலருக்கு 4.80ஐ நெருங்கியது. பால் டின் விலை ஏறியது. பிறகு வெள்ளி தெம்பாகிவிட்டது, பால் டின்னுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. அந்த ஆண்டு வளர்ச்சி 5.1 விழுக்காடு என்று வாசித்தபோது மேசையில் ஒரு பெரியவர், “யாருக்குப்பா வளந்துச்சு, பேரு போட்டிருக்கானா?” என்று கண்ணாடியைத் தேடினார்.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு மணி நேரக் கருத்தரங்கில் செலவைப் பற்றி அத்தனை ஸ்லைடு. வரவைப் பற்றி ஒன்றே ஒன்று. ‘கூடுதல் வருமானம் தேடுங்கள்’ என்று எழுதி, மடிக்கணினி முன்னால் ஒரு பெண் சிரிக்கிற படம். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. 1,200 ஆனது, 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. மகிழ்ச்சி. இப்போது நான் ஒரு குத்தகைக்காரரிடம் ஜாகா வேலை பார்க்கிறேன். சம்பளச் சீட்டில் 1,700 இருக்கிறது. சீருடைக்கு, தங்காத விடுதிக்கு, வராத வேனுக்கு என்று பிடித்ததுபோகக் கையில் வருவது வேறு. கேட்டால், வெளியே இருபது பேர் நிற்கிறான் என்பார். நிற்கிறார்கள்தான். அதில் நாலு பேர் என் மேசைக்காரர்கள்.

என் மனைவி தஞ்சோங் டாவாயில் நெத்திலி பொறுக்குகிறாள். தலை கிள்ளி, குடல் எடுத்து, தரம் பிரித்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. ஞாயிற்றுக்கிழமை கார் போட்டு வந்து அதை வாங்குகிற உங்கள் அதிகாரிகள் விலை அதிகம் என்று பேரம் பேசுகிறார்கள். அந்த விலையில் அவளுக்கு எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளையும் அந்த மண்டபத்தில் தாள் நிரப்பச் சொன்னீர்கள். ஐந்து கோட்டையும் வெறுமையாக விட்டுக் கொடுத்தாள். ‘முழுமையடையாத பாரம்’ என்று திருப்பித் தந்துவிட்டீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் துறையின் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. ஒரு சின்ன விண்ணப்பம். அடுத்த முறை எங்கள் தாமானுக்கு எப்படிச் செலவழிப்பது என்று சொல்ல ஆள் அனுப்ப வேண்டாம். அதில் நாங்கள் மூன்று தலைமுறையாகப் பயிற்சி பெற்றவர்கள். ஒரு கோழியை நாலு நாளைக்கு இழுப்பது எப்படி என்று உங்கள் தம்பிக்கே வகுப்பு எடுப்போம். அதற்குப் பதில், சட்டப்படி வரவேண்டிய சம்பளம் ஏன் கைக்கு வரவில்லை என்று எங்கள் குத்தகைக்காரரை எழுப்பி நிறுத்திக் கேட்கிற ஓர் அதிகாரியை அனுப்புங்கள். மைக் வேண்டாம், திரை வேண்டாம், மண்டபம்கூட வேண்டாம். வேலையிடத்து வாசலுக்கு வந்தால் போதும்.

பட்ஜெட் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். அவருடைய பெட்ரோல் காசை நாங்கள் வசூல் பண்ணித் தருகிறோம், தலைக்கு இரண்டு வெள்ளி. அப்படி ஒருவர் வருவதாக இருந்தால், உங்கள் ஸ்லைடு பலித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு ஒரு வேளை தே தாரிக்கை நான் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அறிவுரைக்குக் கட்டுப்பட்ட,
இன்னும் உட்காரச் சொல்லப்படாத அங்கிள்