தலகுலிய மிஷின்கிட்டக் காட்டுனா

வா பேராண்டி, உக்காரு. போனக் கீழ வையி. கெம்பஸ்ல ஏதோ புதுசாப் படிக்கிறேன்னு லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே? ரத்தத்தக் கண்ணாடித் துண்டுல தடவி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சாப் போதுமாம். மிஷினே படம் புடிச்சி, இது இன்ன சாதிக் கலம், அது இன்ன சாதிக் கலம்னு பிரிச்சிப் போட்ருமாம். மனுசக் கண்ணே வேணாமாம். அப்புடியா சங்கதி?

கோவிச்சுக்காத. நான் ரப்பர் ஸ்டோர்ல சீட்டுத் தரம் பிரிச்ச ஆளு. பிரிக்கிற வேலைன்னா என்னான்னு எனக்கும் கொஞ்சம் தெரியும். பால ஒறைய வச்சி, உருளையில குடுத்து, பொகை போட்டு எடுத்த சீட்ட வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் புடிப்போம். குமிழி இருக்கா? பூஞ்சணம் புடிச்சிருக்கா? கருப்புத் தட்டியிருக்கா? பாத்து, ஒன்னாம் நம்பர்லேருந்து அஞ்சாம் நம்பர் வரைக்கும் அடுக்குவோம். ஒரு நம்பர் எறங்குனா தோட்டத்துக்குக் காசு போச்சி. புதுசா வர்ற பயலுக்கு வாயால பாடம் நடத்த மாட்டோம். சீட்ட நீட்டுவோம். அவன் ஒரு நம்பர் சொல்லுவான். தப்புன்னா தலையில ஒரு குட்டு. மறுபடி ஒரு சீட்டு, மறுபடி ஒரு குட்டு. வாங்கி வாங்கி ஒரு நா கண்ணு தெளிஞ்சிரும். ஏண்டா இது ரெண்டாம் நம்பர்னு கேட்டா அவனுக்கு விளக்கத் தெரியாது. ஆனா சரியாச் சொல்லிருவான்.

ஒன் மிஷினும் இப்புடித்தானடா படிக்கிது? படத்தக் காட்டுறீங்க. அதுக்குப் படமெல்லாம் வெறும் நம்பரு. ஏதோ ஒரு பேரச் சொல்லுது. தப்புன்னா உள்ளுக்குள்ள இருக்கிற கணக்க லேசாத் திருகி விடுறீங்க. அதான் குட்டு. லட்சக்கணக்குல குட்டு வாங்கினதுக்குப் பொறவு, அதுக்குப் பேரு அறிவுன்னு வச்சிட்டீங்க. எங்க ஸ்டோர்ல அப்புடித் தேறுனவனுக்கு நாங்க மாலையெல்லாம் போடல. அடுத்த நாளே பெரட்டுக்கு வந்துருன்னுதான் சொன்னோம்.

சரி, குட்டுறவன் யாரு? சரின்னும் தப்புன்னும் மிஷினுக்குச் சொன்னது யாரு? பாத்தியா, முழிக்கிற.

பங்களாதேஷ்ல சிட்டகாங் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க மலேரியா கண்டவங்க 150 பேரு, காணாதவங்க 50 பேருகிட்ட எடுத்த ரத்தக் கண்ணாடிய, மைக்ரோஸ்கோப்புல போனப் பொருத்திப் படம் புடிச்சாங்க. அதுலேருந்து ஒத்த ஒத்தச் செங்குழியமா வெட்டி எடுத்த படம் 27,558. பாதியில கிருமி இருக்கு, பாதியில இல்ல. அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் அத எல்லாருக்கும் சும்மா குடுத்திருக்கு. ஒலகம் பூரா ஒன்னைய மாதிரிப் பயலுக அத எறக்கி வச்சித்தான் மிஷினுக்கு மலேரியா படிச்சிக் குடுக்குறானுங்க. அத்தனையயும் ஒக்காந்து பாத்துக் குறிச்சிக் குடுத்தது பேங்கொக்ல கண்ணாடி பாத்துப் பழுத்த ஒரு ஆளு. மிஷின் பேரு ஒனக்குத் தெரியும். அந்த ஆளு பேரு தெரியுமா? தெரியாது. அவர் கண்ணுதான் இன்னிக்கு ஒன் மிஷினுக்குள்ள இருக்கு. எரவல் கண்ணு.

இது நேத்துப் பொறந்த வித்தைன்னும் நெனைச்சிக்காத. வாலஸ் கோல்டர்னு ஒரு அமெரிக்காக்காரரு 1953லயே ரத்தக் கலத்த எண்ற மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாரு. ரத்தத்தக் கரைச்சி ஒரு பொடி ஓட்டை வழியா விடுறது. கலம் ஒன்னொன்னும் நுழையிறப்ப கரண்டு கொஞ்சம் தடைபடும். அந்தத் தடைய எண்ணுறது. கண்ணே இல்லாத கணக்கப்புள்ள! இன்னிக்கும் எத்தனையோ லெப்புல ரத்தத்த எண்ணிக் குடுக்குறது அந்த ஓட்டைதான். பொறவு, பொம்பளைங்க கருப்பைக் கழுத்துப் புத்துநோயக் கண்டுபுடிக்க பாப்நெட்னு ஒன்னு வந்திச்சி. மனுச மூளை மாதிரியே யோசிக்கும்னு தம்பட்டம். 1995ல அமெரிக்க அரசாங்கம் அனுமதி குடுத்திச்சி. 1999ல கம்பெனி திவாலு. மூளை இருந்திச்சி, கல்லாவுலதான் ஒன்னும் இல்ல. இப்ப பெங்களூர்ல 2015ல தொடங்குன சிக்டப்பிள் கம்பெனி மிஷின் வெண்குழியத்தப் படம் புடிச்சிப் பிரிச்சி வைக்கிது. பிரிச்சி வச்சத ஒரு டொக்டர் பாத்து ஒப்பம் வைக்கணும். அத மட்டும் ஏன் லயத்துல சொல்ல மாட்டேங்கிற?

ஒன்னு செய்வோமா? வெண்குழியம் அஞ்சு சாதின்னு ஒன் புத்தகத்துலயே இருக்கு. நியூட்ரோபில், லிம்போசைட், மொனோசைட், ஈயோசினோபில், பேசோபில். இந்த அஞ்சு பேர மட்டும் படிச்ச மிஷின்கிட்ட, நம்ம வரக்காப்பொல எள்ளுப் பண்டம் தலகுலி ஒன்னப் படம் புடிச்சிக் காட்டு. எள்ளுப் புள்ளி புள்ளியாத் தெரியும். என்னா சொல்லும்? "ஐயா, இது எனக்குத் தெரியல"ன்னு சொல்லுமா? சொல்லாது. அதுக்குத் தெரிஞ்சதே அஞ்சு பேரு. அந்த அஞ்சுக்குள்ள நூறு வீதத்தயும் பங்கு போட்டே ஆகணும். "பேசோபில், 92 வீதம்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னாலும் சொல்லும். சாயப் பொடி ஒட்டியிருந்தாலும் அதே கதிதான். பேசோபில் நெசத்துலயே நூத்துல ஒன்னுக்கும் கொறவு. படிக்கிறப்பவே மிஷின் அத அத்திப் பூத்தாப்புலதான் பாத்திருக்கும். ரத்தப் புத்துநோயில வர்ற இளங்கலம் அந்த அஞ்சுல இல்ல, அதையும் சொல்லிக் குடுக்காம விட்டா, அதுக்கும் இந்த அஞ்சுல ஒரு பேர வச்சிட்டுப் போயிரும். தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சவன ஸ்டோர்ல நாங்க மதிப்போம். தெரியலன்னு சொல்ல இப்பத்தான் மிஷினுக்குப் பழக்குறாங்களாம். நல்லது. சில மனுசனுக்கும் அந்தப் பாடத்த வைக்கலாம்.

சாயத்தப் பத்திச் சொன்னேன்ல? அது பெரிய கூத்து. லீஷ்மன் சாயம் 1901லேருந்து இருக்கு. கண்ணாடியில தடவின ரத்தத்துல அத ஊத்தி, நேரம் பாத்துக் கழுவணும். தண்ணியில புளிப்பு கொஞ்சம் கூடுனாலும் நெறம் மாறும். ஒரு லெப்புல ரோசாவா வர்ற செங்குழியம் இன்னொரு லெப்புல நீலம் பாயும். லெப்புல நிக்கிற புள்ள ஒரு பார்வையில, "இன்னிக்குச் சாயம் சரியில்ல"ன்னு புரிஞ்சிக்கிட்டு அதுக்குத் தக்கன பாக்கும். மிஷின் ஒரு ஊரு நெறத்துல படிச்சிட்டு வேற ஊருக்கு வந்தா தடுமாறும். ரத்தத்தத் திட்டாத் தடவியிருந்தா கலம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கெடக்கும், அதுலயும் தடுமாறும். அப்ப மிஷின் விக்கிற ஆளு என்னா சொல்றான் தெரியுமா? சாயம் சரியில்லங்கிறான். தடவுனது சரியில்லங்கிறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

அப்ப மலேரியான்னு நான் சொன்னதும் சிரிச்ச. ஒனக்கு அது பரீட்சைக் கேள்வி. இந்தக் கேகாலைப் பக்கத்துக்கு அது எழவு. 1934ல மழை பொய்ச்சிச்சி. ஆறு ஓட்டம் நின்னு குட்டை குட்டையாத் தேங்கிச்சி. அந்தத் தேக்கத்துலதான் மலேரியாக் கொசு பெருகும். குருநாகலும் கேகாலையும் உசுர வாரிக் குடுத்தது மாதிரி வேற எந்தப் பக்கமும் குடுக்கல. நாடு பூரா 80,000 பேரு வரைக்கும் செத்தாங்க. எங்க அப்பாயி அந்தக் கதையச் சொல்றப்ப, கொயினாக் கசப்பு இன்னும் நாக்குல இருக்கிற மாதிரி மொகத்தச் சுழிக்கும். அப்ப வீடு வீடாப் பருப்புக் கொண்டாந்து குடுத்தவரு என்.எம். பெரேரா. சனங்க வச்ச பேரு பருப்பு மாத்தயா. 1936ல ருவன்வெல்லத் தொகுதியில நின்னாரு, செயிச்சாரு. கிருமியப் பிரிச்சவன் யாருன்னு இங்க ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. பசிச்சவனுக்குக் காய்ச்சல் வந்தா சாதி பிரிக்கிறதுக்கு முன்னாடி கஞ்சி ஊத்தணும்னு பருப்பு மாத்தயாவுக்குத் தெரிஞ்சிருந்திச்சி.

பொறவு டி.டி.ரி. அடிச்சாங்க. 1963ல நாட்டுக்கே 17 பேருக்குத்தான் மலேரியா. முடிஞ்சிச்சின்னு கைய ஒதறுனாங்க. அறுபதுகள் முடியிறதுக்குள்ள அஞ்சு லட்சத்துக்கும் மேல ஏறிருச்சி! அப்பவும் மைக்ரோஸ்கோப்பு இருந்திச்சி. போய்க் கதவத் தட்டுற ஆளுதான் கொறைஞ்சி போச்சி. அதுலேருந்து பாடம் படிச்சி, விரல்ல குத்திக் குத்தி ரத்தம் எடுத்து, காய்ச்சல்காரன் வீட்டுக்கே போயிப் போயி, 2012 ஒக்டோபரோட உள்ளூர் மலேரியாவ நிப்பாட்டுனாங்க. 2016 செப்டெம்பர்ல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்திச்சி.

இப்பதாண்டா உண்மையான சிக்கல். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. மலேரியாவுக்கு அது செல்லாது. கிருமி இல்லன்னு எழுதுறதுக்கு முன்னாடி நூறு எடத்துலயாவது லென்ச நகத்திப் பாக்கணும். ரத்தினக் கல்லுத் தேடி மடகாஸ்கருக்குப் போற ஆளு இந்தச் சப்ரகமுவயில இல்லையா? ஆபிரிக்காவுலேருந்து, இந்தியாவுலேருந்து வர்றவங்க காய்ச்சலோட வந்து எறங்குறது இன்னிக்கும் நடக்குது. ஆனா ஊருல நோயே இல்லாதப்ப லெப்புப் புள்ளைங்களுக்கு அந்தக் கிருமியப் பாத்துப் பழகக் கெடைக்கிறதில்ல. கண்ணு மங்குது. இங்க மிஷினு ஒதவும். சத்தியமாச் சொல்றேன். அதுக்குச் சாயந்தரம் நாலு மணிக்குக் கொட்டாவி வராது. மூவாயிரமாவது கலத்தயும் மொதக் கலம் மாதிரியே பாக்கும். டவுனுக்கு வர முடியாத தோட்டத்துலேருந்து படத்த அனுப்பி வைக்கலாம். நான் வேணாங்கல. மிஷின் வந்திருச்சின்னு கண்ணாடி பாக்குற ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டா, நாளைக்கு மிஷினத் தலையில குட்டுறது யாரு? அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

இன்னொன்னும் கேளு. 2017ல டெங்கு வந்து இந்த நாட்டுல 186,101 பேரப் புடிச்சி ஆட்டிச்சி. அதுலேருந்து லயத்துப் பொம்பளைங்க கூட பிளேட்லெட்டு எத்தனன்னு பேசுறாங்க. ஒன்றரை லட்சத்துக்குக் கீழ எறங்குனா வீடே கலங்கிருது. ஆனா ரத்தம் எடுக்குற ஊதா மூடிக் குழாய் இருக்குல்ல, அதுக்குள்ள ஒறையாம இருக்க ஒரு மருந்து இருக்கு. சிலரோட ரத்தத்துல அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். எண்ற மிஷினு கட்டியப் பிளேட்லெட்டா எண்ணாம விட்டுட்டு, கொறைஞ்சி போச்சின்னு அடிச்சிக் குடுக்கும். ஆளுக்கு ஒரு கேடும் இருக்காது, பேப்பர்லதான் சாவக் கெடப்பாரு. லெப்புல நிக்கிற புள்ளைக்குச் சந்தேகம் வரணும். ஒரு சொட்ட கண்ணாடியில தடவிப் பாக்கணும். ஓரத்துல கட்டி கட்டியா ஒட்டிக் கெடக்குறது தெரியும். வேற மருந்து போட்ட குழாயில திருப்பி எடுத்தா கணக்குச் சரியாயிரும். ஒன்னுக்கு ரெண்டு தடவ பாக்குற அந்தச் சந்தேகம் எந்த மிஷின்ல எத்தன ரூவாய்க்கு வருது? வெல தெரிஞ்சா சொல்லு, நான் பென்சன எடுத்து வாங்கிப் போடுறேன்.

சரி, படி. நல்லாப் படி. லீவு விட்டதும் ஒரு மாசம் ஏதாவது ஆஸ்பத்திரி லெப்புல கெஞ்சிக் கேட்டு நின்னு, கண்ணாடி கழுவு, ரத்தம் தடவு, சாயம் ஊத்து. அங்க நிக்கிற தங்கச்சி திட்டுனா வாங்கிக்க, அதுவும் ஒரு குட்டுத்தான். போறப்ப அந்த வெள்ளச் சட்டையப் போட்டுட்டுப் போகாத. ஒங்கம்மா எந்தச் சவுக்காரம் போட்டாலும் லீஷ்மன் சாயம் போகாது.