பெட்டிப் பெருந்தகை

கரீபியன் கடலில் ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துப் போகும் கூட்டத்தில் யார் உயர்ந்தவர்? காற்றின் போக்கு தெரிந்தவர் என்பார் ஒருவர். நங்கூரம் போடத் தெரிந்தவர் என்பார் இன்னொருவர். என் ஓட்டு பெட்டி கட்டத் தெரிந்தவருக்குத்தான். அதிலும் கெட்டியான ஓடும், நாலு சக்கரமும் கொண்ட, ஒரு பள்ளிப் பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளும் அளவுள்ள பெட்டியைக் கட்டுகிறவருக்கு.

படகு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே சொல்வார்கள்: சுருட்டி வைக்கக்கூடிய துணிப்பை மட்டும் கொண்டுவாருங்கள். சாமானியர்கள் இதற்குப் பணிந்துவிடுவார்கள். நம் பெருந்தகை அப்படிப்பட்ட கோழையல்ல. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குப் போகிறவர்களில் பலர் சான் யுவானில் குட்டி விமானம் மாறியோ, செயின்ட் தாமஸில் ஃபெரி ஏறியோதான் டார்டோலா தீவை அடைகிறார்கள். குட்டி விமானத்தில் இடம் போதாமல் பெட்டி மட்டும் மறுநாள் வருவதும் உண்டு. அதற்காக மற்ற ஏழு பேரும் ரோட் டவுன் துறையிலேயே ஓர் இரவு கட்டுண்டு கிடந்தால் என்ன குறைந்துவிட்டது? அவசரக்காரர்களுக்குப் பொறுமை கற்பிக்கவும் ஓர் ஆள் வேண்டாமா?

கட்டமரான் படகில் ஓர் அறை என்பது ஒரு கட்டிலும், ஓராள் திரும்பி நிற்க இடமும்தான். பெட்டி வந்த பிறகு அந்த இடத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அது இருக்காது. மடங்காத பெட்டியாதலால் பகலில் கட்டிலில் படுத்திருக்கும், இரவில் குளியலறையில் நிற்கும். நடுச்சாமத்தில் கழிப்பறைக்கு எழுகிறவர்கள் முதலில் அதைக் கட்டித் தழுவி வெளியே அழைத்து வர வேண்டும். மனைவியை ஏழு இரவும் மேல்தளத்தில் விண்மீன்களுக்குக் கீழே படுக்கவைத்த ரசனையும் அவருடையதே. அறையில் இடமில்லை என்பதெல்லாம் பொறாமைக்காரர் பேச்சு.

ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊர் அது. இரண்டு நீச்சலுடை, நாலு மெல்லிய சட்டை, திடீர் மழைக்கு ஒரு மெல்லிய மேலுறை என்று கதையை முடித்துவிடுவார்கள் கற்பனை இல்லாதவர்கள். இவரோ ஜீன்ஸ் மட்டும் மூன்று எடுத்து வருவார். உப்புத் தண்ணீர் பட்ட ஜீன்ஸ் வாரக் கடைசி வரை காயாது என்பதால் மற்ற இரண்டும் தேவைப்படும் என்ற தொலைநோக்கு. மாலை விருந்துக்கென்று கோட்டும் உண்டு. தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்து, மயிற்பீலி சூட்டி நெய் பூசி எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய் என்று ஔவை புகழ்ந்தாரே, அதே புகழுக்கு இவர் கோட்டும் உரியது. போன மடிப்பு கலையாமல் அப்படியே திரும்பி வரும்.

யோஸ்ட் வான் டைக் தீவின் வெள்ளை விரிகுடாவில் சாகி டாலர் என்றொரு மதுக்கடை இருக்கிறது. படகுத்துறை இல்லாததால் வந்தவர்கள் நீந்திக் கரையேறி, நனைந்த டாலர் நோட்டைக் கொடுத்தார்கள் என்பதால் வந்த பெயர். அங்கே தோல் ஷூ அணிந்து போகத் துணிந்தவரை மாலையிட்டு வரவேற்க வேண்டாமா? படகில் எல்லோரும் செருப்பை ஒரு கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரிவார்கள். இவர் மட்டும் கறுப்பு அடிப்பாகம் கொண்ட ஷூவோடு உலாவி, வெள்ளைவெளேரென்ற தளத்தில் கோடு கோடாக ஓவியம் தீட்டுவார். கூலி கேட்க மாட்டார். திரும்பி வந்ததும் படகுக்காரர்தான் முன்பணத்தில் அதற்கு ஒரு விலை போடுவார்.

ஹேர் டிரையரை மறந்தால் பாவம் சேரும். 1800 வாட் கருவி, 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 150 ஆம்பியர் கேட்கும். சிறிய இன்வெர்ட்டர் அந்தக் கோரிக்கையைக் கேட்டதுமே மூர்ச்சையாகிவிடும். கூடவே அத்தனை பேர் போன் சார்ஜும் நிற்கும். கைத்திரையிலிருந்து தலையை நிமிர்த்தி ஊராரைக் கடல் பார்க்கவைத்த இந்தச் சேவையை எந்தக் குருவும் செய்ததில்லை.

பக்கத்திலிருக்கும் அமெரிக்க வர்ஜின் தீவுகள், பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரிலீன் கலந்த வெயில் களிம்புகளுக்கு 2020இல் தடை போட்டன. நம்மவரிடம் மூன்றும் கலந்த குடும்ப அளவுப் புட்டி இருக்கும், அதுவும் பீய்ச்சுகிற வகை. வணிகக் காற்று விடாமல் வீசும் கடலில் அவர் தமக்கென்று பீய்ச்சியதில் பாதி அடுத்தவர் கண்ணுக்குப் போகும், மீதி தளத்தில் படிந்து வழுக்கும். தன்னலம் என்பதே இல்லை.

இவரோடு ஒப்பிட்டால் ஜோஷுவா ஸ்லோகம் பாவம். 1895இல் தொடங்கி 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றிய அந்த மனிதர், நல்ல கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் காசு அதிகமென்று முகப்பு உடைந்த ஒரு தகரக் கடிகாரத்தை ஒரு டாலருக்கு வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்த தீவு தெரிகிற டிரேக் கால்வாயில் சுற்றுவதற்கு மூன்று கைக்கடிகாரம் வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆனால் இவர் மேன்மை முழுதாக விளங்குவது வர்ஜின் கோர்டாவை விட்டு அனேகடாவுக்குப் போகும்போதுதான். அங்கே திறந்த கடலின் அலை பக்கவாட்டில் தூக்கித் தூக்கிப் போடும். அனேகடாவின் உச்சியே எட்டு மீட்டர் சொச்சம் என்பதால் கரையும் சீக்கிரம் கண்ணில் படாது. குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே விழுங்க வேண்டும், குமட்டினால் தளத்திலேயே இருந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. பொது விதி பொதுமக்களுக்கு. பெருந்தகையின் மாத்திரை பெட்டியின் அடியில், ஜீன்ஸுக்கும் கோட்டுக்கும் கீழே இருக்கும். காற்றில்லாத அறையில் இறங்கி, மண்டியிட்டு, தலையைப் பெட்டிக்குள் நுழைத்துத் தேடுவார். மாத்திரை அகப்படும். அப்போது அதற்கு வேலை இருக்காது. பெட்டியைக் கழுவுகிற வேலைதான் இருக்கும்.

இத்தனை கொண்டுவந்தவர் எதையாவது விட்டுவிட்டார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கயிறு வைத்த தொப்பி, நனையாத பை, தலையில் மாட்டும் விளக்கு, நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றை மட்டும் பிறர் கொண்டுவரட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்திருப்பார். 1867 புயலில் உப்புத் தீவு அருகே மூழ்கிய ரோன் கப்பலின் பின்பகுதியை நீந்தியபடியே மேலிருந்து பார்க்கலாம். இரவல் கண்ணாடியில் முதலில் பார்ப்பவர் இவர்தான். கண்ணாடிக்குச் சொந்தக்காரர் படகிலிருந்து கடலின் மேற்பரப்பை ரசிக்கலாம்.

ஆகையால் வரும் பருவத்தில் படகு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவரை எப்பாடுபட்டாவது கூட அழைத்துப் போங்கள். வாடகை பேசும்போது மட்டும் ஓர் அறை கூடுதலாகக் கேளுங்கள். பெட்டிக்கு அறை கொடுத்துவிட்டு, அவரைத் தளத்தில் படுக்கச் சொல்லலாம்.