சக்கரத்துள் உறையும் பொத்தான் பேட்டரி: வாழப்பாடி வட்டார வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காரின் சக்கரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கருவி அமர்ந்து, டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அக்கருவி ஒரு பொத்தான் பேட்டரியை உண்டு வாழ்கிறது. பேட்டரி தீர்ந்தால் கருவி ஊமையாகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. குடும்பத்தில் பேச்சு எழுகிறது. இம்மூன்றாவது விளைவு குறித்துக் கார் கம்பெனிகளின் கையேடுகள் மௌனம் காக்கின்றன. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை

மேற்கே மேட்டுப்பட்டிச் சுங்கச்சாவடி, கிழக்கே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்தில் நிற்கும் முத்துமலை முருகன், வடக்கே பேளூர். தெற்கெல்லை வகுக்கப்படவில்லை, ஆய்வு வண்டிக்கு அந்தப் பக்கம் வேலை இருந்ததில்லை. நடுவே வாழப்பாடி. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் சூழ்ந்த இவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கிய வாழப்பாடி ராமமூர்த்தி 1998-99இல் மத்திய பெட்ரோலிய அமைச்சராக இருந்தார் என்பதையும் ஆய்வாளர் கருத்தில் கொள்க. எண்ணெய்க்கு அமைச்சரைத் தந்த ஊர், காற்றுக்கு இதுவரை எவரையும் தரவில்லை.

கருதுகோள் ஒன்றே: பேட்டரி மாற்றுவது எளிது, பேட்டரி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் அரிது.

முன்னோர்

காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888இல் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைக் காணப் பொறாமல் அதையே மறுபடி கண்டுபிடித்தார், உலகம் கண்டுகொண்டது. காற்று உள்ளே போன நாளிலேயே அது வெளியே போகும் கவலையும் பிறந்துவிட்டது. ஆனாலும் அக்கவலைக்கு மின்சாரம் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1986இல் வந்த போர்ஷே 959 காரில்தான் டயர் அழுத்தம் அறியும் கருவி முதலில் இடம்பெற்றது. பிறகு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் கிழிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்ததை அடுத்து, 2000ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதன்படி எழுதிய விதியில், காற்று நிர்ணயித்த அளவிலிருந்து கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த திருத்தம் இன்னொரு வாசலைத் திறந்தது: டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் சாமானும், இந்தக் கருவியும் இருந்தால் சிறு வண்டிகளுக்கு ஸ்டெப்னி வேண்டியதில்லை. ஸ்டெப்னியை நம்பி வாழ்ந்த சமூகம் பொத்தான் பேட்டரியை நம்பி வாழத் தொடங்கியது இவ்வாறே.

இவர்களுக்கெல்லாம் மூத்த முன்னோர் ஒருவர் சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் பயணம் செய்கிறார். அவர் கிளீனர். டீக்கடையில் வண்டி நின்றதும் கையில் இரும்பு லிவரோடு இறங்கி, டயர் டயராய் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். சத்தம் மட்டும் காட்டிக்கொடுக்கும். நல்ல டயர் ‘டங்’ என்று எழும்பும், இறங்கியது ‘டப்’ என்று உட்காரும். இம்முறையில் பேட்டரி மாற்றும் சிக்கல் எழுவதில்லை. கிளீனரே மாறிவிடுகிறார், சம்பளம் போதாதபோது.

விளக்கின் இயல்பு

விளக்கு எரிவதெல்லாம் ஒரு பொருள் தருவதன்று. வண்டியைக் கிளப்பியதுமே நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கண் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலைத்தால், காற்றைப் பற்றிச் சொல்லவே ஆளில்லை என்று பொருள். பேட்டரி மரணம் இரண்டாம் வகை. இவ்வேறுபாடு தெரியாமல் பெட்ரோல் பங்குக்குப் போய் 32 பிஎஸ்ஐக்கு மேல் 35, 35க்கு மேல் 38 என்று காற்று ஏற்றி, விளக்கு அணையக் காத்திருப்போர் உளர். காற்று இலவசம் என்பதால் இப்பிழை நீண்டநாள் உயிர் வாழ்கிறது.

மூன்றாவதாகப் பருவ விளக்கு ஒன்றுண்டு. வெப்பம் 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். சித்திரை வெயிலில் அளவாகப் பிடித்த காற்று மார்கழி விடியலில் குறைந்து காட்டும். வண்டி ஓடி டயர் சூடானதும் விளக்கு தானாக அணையும். “ஏங்க, நேத்து எரிஞ்சுது, இன்னைக்கு எரியல, சாமி புண்ணியம்” என்று இதற்கு வீட்டில் விளக்கம் தரப்படுகிறது. ஆய்வுலகம் இதை மறுக்க முயன்றதில்லை.

பொட்டுப் பள்ளியையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவது இப்பள்ளியின் கொள்கை. செலவு மிகக் குறைவு, பலன் உடனடி. ஆனால் பொட்டு கண்ணாடி மேல் இருக்கிறது, விளக்கோ அதற்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஆகவே உயரமான மைத்துனர் ஓட்டும்போது விளக்கு பொட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது.

வகைமை

சில வண்டிகளில் சக்கரத்துக்குள் ஒன்றுமே இராது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக்கின் ஏபிஎஸ் அதைக் கணக்கிட்டு விளக்கைப் போடும். இவ்வகை வண்டியின் டயரைக் கழற்றிப் பேட்டரி தேடுவது வீண் துறவு. ஒவ்வொரு டயரின் அளவையும் எண்ணில் காட்டினால் உள்ளே கருவி உண்டு; வெறும் விளக்கும் ஒரு ‘செட்’ பொத்தானும் மட்டுமிருந்தால் பெரும்பாலும் இல்லை.

இன்னொரு வகை, வால்வின் மூடியாக வெளியே திருகுவது. டாஷ்போர்டில் வெயிலில் சார்ஜ் ஏறும் சிறு திரையோடு வரும். இதற்குள் பெரும்பாலும் சிஆர் 1632 பேட்டரி. கூட வரும் பிளாஸ்டிக் ஸ்பேனரால் திறந்து மாற்றி மூட ஐந்து நிமிடம். வாசற்படியில் உட்கார்ந்தே செய்யலாம். ஒரே எச்சரிக்கை: உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்தால் காற்றைக் காவல் காக்கும் மூடியே காற்றை வெளியே விடும். ஆய்வாளருக்கு மனநிறைவு தரும் வகை இது. ஆயினும் அரியது அன்று என்பதால் இங்கே நிறுத்துகிறோம்.

அறுவை

உள்வகைக் கருவியே ஆய்வின் உயிர். பேட்டரி நூறு ரூபாய்க்குள் முடியும். புதுக் கருவி சில ஆயிரம். இவ்விரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் தமிழ்நாட்டுத் தந்தையரின் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, அவ்விடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, கழற்றிய சக்கரத்தின் காற்றை இறக்க வேண்டும். அடுத்து டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். இதற்கு வீட்டில் கருவி இல்லை. ஜாக்கியால் அழுத்தலாம், இன்னொரு காரை மேலே ஏற்றலாம் என்பாரும் உளர். அவர்கள் அலாய் வீலுக்குத் தவணை கட்டாதவர்கள். ஆகவே சக்கரம் பஞ்சர் கடைக்குப் போகிறது. லிவரை வால்வுக்கு எதிர்ப்புறமிருந்து தொடங்குமாறு கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். வால்வுப் பக்கம் நுழைந்தால் கருவி நொறுங்கி, ஆய்வு அங்கேயே நிறைவுறும். பிரித்தெடுத்த கருவி சட்டைப் பையில் வீட்டுக்கு வர, சக்கரம் வாய் திறந்தபடி கடையிலேயே கிடக்கிறது. “சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருவீங்ளாங்கண்ணா?” என்கிறார் கடைக்காரர்.

கருவியின் வயிறு கெட்டியான பிசினால் மூடப்பட்டிருக்கும். திறக்கக் கூடாது என்றே செய்யப்பட்ட பொருள் அது. பிளேடால் சுரண்டச் சுரண்ட, பலகையோடு தகட்டுக் கால்களால் பற்றவைத்த பேட்டரி தென்படும். அதை வெட்டி எடுத்துவிட்டு, கால் வைத்தே விற்கும் பேட்டரியைப் பொருத்த வேண்டும். சமையலறை எடை மெஷினிலிருந்து உருவிய சாதா சிஆர் 2032 மேல் நேராக ஈயம் வைப்பது தகாது. சூட்டில் லித்தியம் பேட்டரி வீங்கும், வெடிக்கவும் கூடும். எடை மெஷினின் உரிமையாளர் வெடிப்பதோ உறுதி. கழற்றிய பழைய பேட்டரி குழந்தை கைக்கு எட்டக் கூடாது. இவ்வொரு வரியில் விளையாட்டு இல்லை: விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

இனி வலிமை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ரிம்மோரம் இருக்கும் பொருள் தன் எடையைப் போல் 150 மடங்குக்கும் மேலான விசையோடு வெளியே இழுபடும். மூன்று கிராம் பேட்டரி ஏறக்குறைய அரைக் கிலோவாகிறது. நம் கையால் வைத்த ஈயப் பொட்டு அந்த அரைக் கிலோவை ஆத்தூர் வரை தாங்க வேண்டும். சூட்டையும் தாங்க வேண்டும்: கம்பெனியில் வைப்பவை பல 125 டிகிரி வரை தாங்கும் வகை, கடையில் கிடைக்கும் சாதா வகை 60, 70 டிகிரிக்கு மேல் உறுதி தராது. சேலத்து மே மாதச் சாலையில் ஓடும் டயருக்கு அது பெரிய உயரம் அன்று. சுரண்டிய பிசினுக்குப் பதிலாகப் பூசி மூடிய சிலிக்கோன் நன்றாக இறுக ஒரு நாள் ஆகும். பஞ்சர் கடைக்காரர் கொடுத்ததோ சாயங்காலம். இம்முரணுக்கு இவ்வாய்வில் தீர்வு எட்டப்படவில்லை.

மீண்டும் மாட்டி, காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி பார்த்து, வீல் பேலன்சிங்கும் செய்தால் வேலை முடிந்தது. இம்முறைக்கு ஒரு பெருமை உண்டு: பழைய கருவியின் அடையாள எண்ணே நீடிப்பதால் வண்டிக்குப் புதிதாய் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு மறுப்பு. மேட்டுப்பட்டியில் காசு பிடுங்கும் ஃபாஸ்டாக் வில்லையில் பேட்டரியே இல்லையே, டயருக்குள் இருப்பதற்கு மட்டும் எதற்கு என்பர். விடை: காசு வாங்க வருபவர் தம் மின்சாரத்தைத் தாமே அலையாய் அனுப்பி வில்லையை எழுப்புகிறார். காற்றுக் கணக்குச் சொல்பவருக்கு அப்படி அனுப்புவார் யாருமில்லை. அவர் சொந்தச் சோறு கட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

அறுவையைத் தனியாகச் செய்யாமல், டயர் தேய்ந்து மாற்றும் நாளில் நான்கு கருவிகளையும் சேர்த்து மாற்றுவதே என் பரிந்துரை. டயர் அன்று எப்படியும் கழலும், கூலியும் ஒன்றுதான். பேட்டரி ஆயுள் ஐந்திலிருந்து பத்தாண்டு. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால், ஒன்று போனால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன என்று கொள்க.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று எஞ்சுகிறது. ஸ்டெப்னிக்குள்ளும் கருவி உண்டா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆய்வெல்லைக்குள் இருக்கும் ஸ்டெப்னிகள் மேல் அரிசி மூட்டையும், பேளூர்க் கல்யாணத்துக்குப் போன பாத்திரங்களும், ஒரு பழைய கிரிக்கெட் மட்டையும் கிடப்பதால், இறக்கிப் பார்த்தவர் எவரும் அகப்படவில்லை.