சோதனைப் பிரியர்

கணினி என்னும் யந்திரத்தை எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால், கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் சினிமாப் பார்க்கவும் விளையாடிப் பொழுதைக் கழிக்கவும் என்று சாதாரண ஜனங்கள் பதில் சொல்வார்கள். இந்தப் பிரயோஜனங்களில் ஒன்றுகூடத் தம் யந்திரத்தைத் தீண்டிவிடாதபடி அதைப் பாதுகாத்து வருகிற ஒரு ரகத்து மனிதர் நம் நகரத்தில் இருக்கிறார். உதிரிபாகங்களைத் தாமே தேர்ந்து, தாமே பூட்டி, பூட்டியதைச் சோதித்து, சோதித்ததைக் கழற்றி, கழற்றியதை மீண்டும் பூட்டிச் சோதிப்பதிலேயே ஆயுளின் கணிசமான பாகத்தைச் செலவிடும் அவருக்குச் சோதனைப் பிரியர் என்று நாமகரணம் செய்வதில் தவறில்லை. வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ். உத்தியோகம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அதன் வேலை முழுவதும் ஆபீசில் கொடுத்த லாப்டாப்பிலேயே நடந்து முடிந்துவிடும்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவரை அறியாத கடைக்காரர் இல்லை. அறிந்தவர்களில் பலர், அவர் தலை தூரத்தில் தெரிந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள் என்று சொல்வது மிகையாகாது. மற்றவர்கள் விலை கேட்பார்கள். இவர் வம்சாவளி கேட்பார். யந்திரத்துக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் கையில் எடுத்துக் கொடுத்து, "வெயிட்டைப் பாருங்க சார், நல்ல ஐட்டம்" என்று கடைப் பையன் சொன்னால், கனத்துக்கும் குணத்துக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு சொற்பம் என்பதையும், '80 பிளஸ்' முத்திரையில் கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் உள்ள பேதத்தையும், சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் உஷ்ணமாக விரயமாவது எத்தனை பங்கு என்பதையும் அவர் சாவகாசமாக விளக்குவார். பையன் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க சார், அது பக்கத்துக் கடையிலதான் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல வரும்" என்பான். அந்த இரண்டு நிமிஷம் ரிச்சி ஸ்ட்ரீட்டின் கணக்கில் இரண்டு நிமிஷம்; நம்முடைய கைக்கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது.

இப்படிச் சேகரித்த சாமான்களில் தலைமை வகித்தவை இரண்டு. ஒன்று, 2022 செப்டம்பரில் வெளிவந்த ரைசன் 9 7950எக்ஸ் என்ற பதினாறு கோர் பிராசசர். மற்றொன்று, அடுத்த மாதமே வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு. 24 ஜிபி நினைவகமும் 450 வாட் பசியும் கொண்ட இந்தப் பிரம்ம ராக்ஷஸைக் கேபினெட்டுக்குள் குடிவைப்பதற்கு, ஏற்கெனவே வாங்கியிருந்த கேபினெட்டின் நீளம் போதாமல் வேறொன்று வாங்க நேர்ந்தது. அட்டைப் பெட்டிகள் ஒன்றையும் எறியவிடமாட்டார். வாரண்டிக்கு வேண்டும், விற்கும்போது வேண்டும் என்பது அவர் வாதம். அவை பரணை ஆக்கிரமித்துக்கொண்டதால், இல்லத்தரசியின் சீர்வரிசைப் பாத்திரங்கள் இடம் பெயர்ந்து கட்டிலுக்கடியில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

கடையில் அசெம்பிள் செய்கிற பையன் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் காந்த ஸ்க்ரூடிரைவருமாக, பக்கத்து மேஜைக்காரனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே அரை மணியில் ஒரு யந்திரத்தைப் பூட்டித் தள்ளிவிடுகிறான். நம்மவருக்கோ அது ஒரு விரதம். வீட்டாரை அறையை விட்டு வெளியேற்றி, மின்விசிறியை நிறுத்தி, உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்பைத் தாக்கிவிடாதபடி இரும்பைத் தொட்டுப் பரிசுத்தராகி, அதன் பிறகே பெட்டியைத் திறப்பார். மதர்போர்டின் சாக்கெட்டில் மெல்லிய ஊசிகள் 1,718 நிற்கின்றன; ஒன்று வளைந்தாலும் போர்டு போனது போனதுதான். பிராசசரை அதன்மேல் இறக்கி வைக்கிற அந்தக் கணத்தில் சுவாசம்கூட விடுவதில்லை என்பதால், அந்தச் சமயத்தில் அழைப்பு மணியை அமுக்கிய கூரியர்க்காரருக்குக் கிடைத்த வரவேற்பை இங்கே வர்ணிக்காமல் விடுவதே உத்தமம்.

பிராசசரின் முதுகில் உஷ்ணம் கடத்தும் பேஸ்டைத் தடவுவதில் மூன்று சம்பிரதாயங்கள் உண்டு. நடுவில் பட்டாணியளவு வைத்து மேலிருந்து அமுக்கினால் போதும் என்பது ஒன்று. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுக்க வேண்டும் என்பது இரண்டாவது. மெல்லிய பட்டையால் மூலை முடுக்கெல்லாம் தடவிவிடுவது மூன்றாவது. போதுமான அளவு வைத்துவிட்டால் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று விஷயம் தெரிந்தவர்கள் பலமுறை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் விவாதம் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் மனித சுபாவத்தை அறியாதவர்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. பொத்தானை அமுக்கியதும் விசிறிகள் சுழன்றன. கண்ணாடிக் கதவுக்குள் வானவில்லின் வர்ணங்கள் அத்தனையும், வானவில்லில் இல்லாத சிலவும், ஓடிப் பிடித்து விளையாடின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. டிடிஆர்5 ராம் பூட்டிய இவ்வகைப் போர்டுகள், முதன்முதல் உயிர்பெறும்போது நினைவகத்தோடு பரிச்சயம் செய்துகொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். பிறருக்கு எத்தனையோ முறை ஆறுதலாகச் சொல்லியும் இருக்கிறார். ஆயினும் நெற்றி வியர்த்தது.

"என்னடா, ஓடலையா?" என்று வாசற்படியில் நின்று தாயார் விசாரித்தார்.

"ராம் டிரெயினிங் நடக்குதும்மா."

"ராமனுக்கே டிரெயினிங்கா!" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

திரை வெளுத்தது. இங்கே மற்றவர்களின் கதை முடிந்து, அவருடைய கதை ஆரம்பமாகிறது.

முதல் இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86. மறுநாள் சினிபெஞ்ச், ஒரே சித்திரத்தைப் பதினாறு கோரும் கூடி வரைந்து மதிப்பெண் வாங்கும் பரீட்சை. 38,000-த்தை ஒட்டி மதிப்பெண் வந்தது. ஒட்டித்தான் வந்தது, தாண்டவில்லை என்பதால் அன்று இரவு அவர் சாப்பாட்டில் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து பிரைம்95. மெர்சென் பகாஎண்களைத் தேடுவதற்காக 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிவைத்த ஒரு மகாயக்ஞத்துக்குரிய கருவி அது. அந்த யக்ஞத்தின் பலனாக 2024-ல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒரு பகாஎண்ணே அகப்பட்டது. நம்மவருக்குப் பகாஎண் பேரில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்தக் கருவியில் சித்திரவதைச் சோதனை என்றொரு பகுதி இருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை ஓயாமல் போடவைத்து, விடை பிசகுகிறதா என்று பார்ப்பது அதன் தர்மம். தெரிந்த விடையைக் கண்டுபிடிப்பதற்கு ராப்பகலாக மின்சாரம் செலவழிப்பானேன் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விஞ்ஞான மனப்பான்மை போதாது.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க். திரையில் ரோமம் முளைத்த மெதுவடை ஒன்று அநந்தகாலம் சுழன்றுகொண்டிருக்கும்; அந்த ரோமங்களைத் தனித்தனியே தீட்டுவதில் கார்டு மூச்சுத் திணறும். பிராசசரும் கார்டும் சேர்ந்து முழு மூச்சாக உழைக்கும்போது அறுநூறு வாட்டுக்கு மேல் போய்விடுவதால், அந்த நேரத்தில் மிக்சியை ஓட்டக்கூடாது என்று ஓர் உத்தரவு பிறந்தது. வோல்டேஜ் இறங்கிச் சோதனை கெட்டுவிடுமாம். குடும்பம் ஒரு வார காலம் சட்னியின்றி இட்லிப்பொடியோடு ஜீவித்தது.

கத்திரி வெயில் வந்ததும் இன்னொரு கவலை. முழுச் சுமையில் 95 டிகிரி வரை தானாகவே ஏறிச் சென்று அங்கேயே நின்று வேலை செய்வது அந்தப் பிராசசரின் ஜன்ம சுபாவம். தயாரித்தவர்களே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நீர்க்குளிர்விப்பானும் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. ஆகவே யந்திரத்தின் அறைக்கு ஏ.சி. வந்தது. மனிதர்களுக்கு வாங்கச் சொல்லிப் பல வருஷம் விண்ணப்பித்துத் தோற்ற குடும்பத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே படுக்க வந்துவிட்டார்கள். "அந்தச் சீரியல் செட்டை அணைச்சிட்டாத் தூங்கலாம்" என்றார் தாயார். அணைப்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அது நினைவக விளக்குகளை ஆளும் மற்றொரு மென்பொருளோடு சண்டையிடும். அந்தச் சண்டை சோதனையைப் பாதிக்கும். விளக்கு எரிந்தது.

இவ்வளவுக்கும் ஒரு பிழையும் காணவில்லை. வேறொருவர் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பார். நம்மவருக்கு ஒரு சூனியம் தோன்றிவிட்டது. கோர் ஒவ்வொன்றுக்கும் போகிற வோல்டேஜை இம்மி இம்மியாகக் குறைத்து, எந்த இடத்தில் யந்திரம் தள்ளாடி விழுகிறது என்று தேட ஆரம்பித்தார். விழுந்ததும் முகம் மலர்ந்தது. மகள் பள்ளிக்கூடத்துப் பிராஜக்டை அடித்துக்கொள்ளலாமா என்று வந்து நின்றபோது, "இப்போ டெஸ்ட் ஓடுதுடா கண்ணு, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய யந்திரம் அந்த வேலையைச் சிரமமில்லாமல் முடித்துக் கொடுத்தது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. லட்சக்கணக்கில் கார் வாங்கி, அதன் மூடியை எப்படித் திறப்பது என்றும் அறியாமல் அதைப்பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களை நாம் பொறுத்துக்கொள்கிறோம். இவர் தம் சொத்தின் ஒவ்வொரு திருகையும் அறிவார். போதாக்குறைக்கு, யார் வீட்டில் கணினி படுத்துக்கொண்டாலும் ஸ்க்ரூடிரைவரோடு நடுநிசியிலும் புறப்பட்டுவிடுவார். காசு வாங்குவதில்லை, காப்பி மட்டும் குடிப்பார்.

2025 ஜனவரியில் 575 வாட் தின்கிற ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு வந்தது. அதற்கு எஸ்.எம்.பி.எஸ். போதாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுவதென்றால் ஒயர்களை எல்லாம் உருவ வேண்டும். ஒயர்களை உருவுவதென்றால் எல்லாவற்றையுமே மாற்றிவிடலாம் என்று அவருடைய தர்க்கம் தங்குதடையின்றி ஓடி, பழைய யந்திரம் விலைக்கு வந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஓர் இளைஞன் வந்து பார்த்தான்.

"கிரிப்டோ மைனிங்குக்கு ஓட்டினதா சார்?"

"சேச்சே! நான் இதை எதுக்கும் உபயோகிச்சதே இல்லை தம்பி" என்றார். ஹரிச்சந்திரன்கூட இதைவிடச் சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

மாதம் ஒன்று கழித்து மனசு கேட்காமல் அந்த ஸ்டூடியோவுக்குப் போனார். யந்திரம் மேஜைக்கடியில் தூசியோடு தூசியாக, யாரோ ஒரு மணமகளின் சங்கீத் நடனத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"டெம்பரேச்சர் எவ்வளவு போகுது தம்பி?"

"அதெல்லாம் பார்க்கலை சார். நல்லா ஓடுது."

இப்படியும் ஒரு பொறுப்பில்லாத பிறவி இருக்குமா என்ற திகைப்போடு இளைஞனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் எழுந்திருங்க" என்று அவனை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கல்யாணத்தை நிறுத்திவிட்டு, பிரைம்95-ஐ இறக்க ஆரம்பித்தார்.