உரை நிற்கும் இடமும் மூலத்தின் ஆயுளும்: கரையான் எல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நூல் நெடுங்காலம் வாழ்வதற்குக் காரணம் கருத்தாழம் என்பார் ஒரு சாரார். சொல்லழகு என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் புத்தகத்தைத் திறந்து படித்ததால் நேர்ந்த பிழை இது. திறக்காமலே கண்டுகொள்ளக்கூடிய உண்மை ஒன்று உண்டு. மூலத்துக்கு எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில், எவ்வளவு நீளத்துக்கு உரை நிற்கிறது என்பதே அந்நூல் படிக்கப்படுமா, போற்றி மட்டும் வைக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் மூலத்துக்கு இதில் பங்கே இல்லையா எனின், உண்டு. உரை எழுத ஒரு சாக்கு வேண்டுமே. இத்துணிபு புதியதன்று, என்றார் பிறரும். அந்தப் பிறர் யாவர் என வினவுதல் மரபன்று. நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் நூற்பெயரைச் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று எழுதிவிட்டு மேலே நடந்துவிடுவார். சீவகசிந்தாமணியை அவர் உரையோடு 1887இல் அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், அந்தப் பிறரைத் தேடி ஏட்டுக்கட்டு ஏட்டுக்கட்டாக அலைய வேண்டியிருந்தது. ஆதாரத்தை மறைத்ததால் ஆராய்ச்சி வளர்ந்தது என்பது இதனாற் பெறப்படும். ஆகவே இக்கட்டுரையும் ஆதாரங்களை அம்முறையிலேயே தரும்.

நிற்கும் இடம்பற்றி உரை ஐவகைப்படும். மூலத்தோடு கலந்து நிற்பது முதல்வகை. ஓலைச்சுவடியில் பத்தி கிடையாது, தடித்த எழுத்து கிடையாது, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடக் கிடையாது. மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று பிரிப்பதற்கே பதிப்பாசிரியர்களின் பாதி ஆயுள் போயிற்று. மூலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதப்படுவது இரண்டாம் வகை. இது நூலகத்தில் அபராதத்துக்குரியது, ஆதலால் ஆய்வுக்குரியதன்று. நூலின் கடைசியில் நிற்பது மூன்றாம் வகை. அங்கே போய்ப் பார்த்தவர் இலர். வேறொரு புத்தகமாகவே தனித்து நிற்பது நான்காவது. பள்ளிப் பிள்ளைகளின் கோனார் உரை இதற்குச் சான்று: பாடநூல் வாங்கப்படும், உரை படிக்கப்படும், இரண்டுக்கும் சண்டையில்லை. ஐந்தாவது வகை மூலத்துக்குக் கீழே நிற்பது. தமிழ்ப் பண்பாட்டின் தலையெழுத்து இந்தக் கீழ்ப்பகுதியில்தான் எழுதப்பட்டது என்பதை இனி நிறுவுவோம்.

சான்றாகக் கொள்ளத்தக்கது திருக்குறளே. ஏனெனில் மூலம் மாறாமல் இருக்க உரை மட்டும் மாறிக்கொண்டே வந்த நூல் அது. பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் பரிமேலழகர் தலையாயவர், அதில் ஐயமில்லை. ஆயினும் அவர் உரையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அதிகாரத்தின் வாசலிலும் நின்று, இவ்வதிகாரம் முன்னதன் பின் வைக்கப்பட்டது என்ன காரணத்தால் என்று சொல்லி முடித்த பிறகே குறளிடம் போக விடுகிறார். காரணம் புரியாதவர் வாசலோடு திரும்புகிறார்; புரிந்தவர் பேராசிரியர் ஆகிறார். 1812இல் குறள் முதன்முதலாக அச்சேறியபோது மூலம் மட்டுமே வந்தது, கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தது. வெறுமையைக் கண்டால் தமிழ்ப்புலவருக்குக் கை சும்மா இராது என்பதைப் பிந்தைய அச்சக வரலாறு காட்டும். பின்னர் 1949இல் மு. வரதராசனார் தெளிவுரை எழுதினார். இரண்டடிக் குறளுக்கு இரண்டு மூன்று வரி உரை. மூலமும் உரையும் ஏறத்தாழ ஒரே உயரம். அதற்குப் பிறகுதான் குறள் சட்டைப்பைக்குள் போயிற்று. அரசுப் பேருந்திலும் குறளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பரிமேலழகருக்கு அங்கே நின்றுகொண்டு வரக்கூட இடம் போதாது.

அற்றன்று, மு.வ. உரை பரவியது எளிய நடையால், நீளத்தால் அன்று எனின், எளிய நடை என்பது என்ன? அடுத்த வரி தொடங்கும் முன் நிறுத்திவிடும் நடை. எனவே அதுவும் நீளம்பற்றிய கூற்றே. (இதனை உடன்படுவர் பிறரும், உடன்படாத பிறரை இப்பிறர் பிறராகக் கொள்ளார்.)

உரை நன்றா தீதா என்பதை அளப்பதற்கும் பழந்தமிழர் ஒரு பொறி வைத்திருந்தனர். இறையனார் களவியலுக்குச் சங்கத்தார் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க முடியவில்லை. ஐந்து வயதுள்ள, வாய் பேசாத உருத்திரசன்மன் என்னும் பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வோர் உரையையும் சொல்லிக் காட்டினார்கள். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் பிள்ளை கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் அழுதான். அதுவே மெய்யுரை என்று சபை கலைந்தது. களவியல் உரையே சொல்லும் கதை இது. இதன் அமைப்பியல் நுட்பம் இதுவரை யாராலும் பாராட்டப்படவில்லை. தீர்ப்பாளனுக்கு வாய் இல்லை. ஆகவே தீர்ப்புக்கு விளக்கவுரை இல்லை, விளக்கவுரைக்கு மறுப்புரை இல்லை. இன்று முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் பேசுகிறார்கள். கண்ணீர் மாணவரிடமிருந்து வருகிறது. பொறி தலைகீழாக மாட்டப்பட்டிருப்பது வெளிப்படை.

இனிப் பருமன். உரைக்கு அதன் எடையையே பெயராக இட்ட துணிச்சல் வைணவர்களுடையது. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி, நஞ்சீயருடையது ஒன்பதினாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயருடையது பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்லக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது முப்பத்திரண்டு எழுத்து கொண்ட ஓர் அளவு. அட்டையிலேயே அளவு தெரிந்துவிடுவதால், இறங்குவதா கரையில் நிற்பதா என்று வாசகர் முன்கூட்டியே முடிவு செய்யலாம். அதே நம்பிள்ளையின் விளக்கங்களை நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டரும் எழுதினார். அது ஒன்றேகால் லட்சம் படியாகப் பெருகி, மகாபாரதத்தின் பருமனை எட்டிவிட்டது. நம்பிள்ளை அதை வாங்கிக் கரையானுக்கு இரையாக்கினார் என்று குருபரம்பரை சொல்லும். இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதை இழப்பு என்பர். இவ்வாய்வாளர் இதை அளவீடு என்பர்.

கணக்கைப் பார்ப்போம். திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102. ஆறாயிரப்படியில் பாசுரத்துக்கு ஏறத்தாழ 174 எழுத்து உரை. ஈட்டில் 1,045. பட்டர் எழுதியதில் 3,630. முன்னிரண்டும் பிழைத்தன, மூன்றாவது பிழைக்கவில்லை. ஆகவே பாசுரம் ஒன்றுக்கு 1,045 எழுத்துக்கும் 3,630 எழுத்துக்கும் இடையில் எங்கோ ஒரு கோடு ஓடுகிறது; அக்கோட்டுக்குக் கரையான் எல்லை என்று பெயரிடுகிறோம். இவ்வெல்லையைக் கடந்த உரைக்கும் வாசகர் இல்லாமற் போவதில்லை என்பதை வற்புறுத்த வேண்டும். முதலேடு தொடங்கிக் கடைசி ஏடுவரை ஒரு வரி விடாமல் உட்கொண்ட வாசகர் கூட்டம் பட்டருக்கு வாய்த்தது. வேறெந்த உரைகாரருக்கும் அது வாய்த்ததாகத் தெரியவில்லை. அக்கூட்டம் மறுப்புரை எழுதவில்லை, தன் பெயரையும் பதிப்பில் சேர்க்கச் சொல்லவில்லை. (கரையான் எல்லை ஏற்கப்பட்ட கோட்பாடு என்பதற்கு இப்பத்தியே சான்று, இப்பத்தி நம்பத்தக்கது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டும் இவ்வடைப்புக்குறி சான்று, இவ்வடைப்புக்குறியைப் பிறர் மேற்கோள் காட்டுவர் என்பது எதிர்பார்ப்பு, அப்பிறரும் இவ்வாய்வாளரே ஆகலாம், பதவி உயர்வு விதிகள் அதைத் தடுக்கவில்லை என்றார் பிறரும்.)

அஃதேல், நீளமே மூலத்தைக் கொல்லும் எனில், ஆறாயிரத்தைவிட ஆறு மடங்கு நீண்ட ஈடு எப்படி எல்லாவற்றினும் மேலாகக் கொண்டாடப்படுகிறது? இது வலிய தடை, இதனை மழுப்பலாகாது. ஈடு பிறந்தது தாளில் அன்று, திருவரங்கத்தில் நம்பிள்ளையின் பேச்சில். பின்னாளில் மணவாள மாமுனிகள் திருவரங்கத்துப் பெருமாளான நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டு விரித்துரைத்ததும் ஈட்டைத்தான். அது காதில் நிற்கும் உரை. கேட்பவர் பக்கம் புரட்டுவதில்லை, இன்னும் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளை நோக்குவதும் இல்லை. ஆகவே மேலே சொன்ன ஐவகையோடு செவியில் நிற்பது என்று ஆறாவது வகையையும் சேர்த்துக்கொள்க. வகைப்பாடு முன்பே முழுமையாகத்தான் இருந்தது, இப்போது மேலும் முழுமையடைந்தது.

எஞ்சியிருப்பது உரைமேல் உரை. தமிழ் எழுத்து முப்பது என்று கணக்குச் சொல்லும் தொல்காப்பியத்தின் முதற்சூத்திரத்துக்கும் அதன் பாயிரத்துக்கும் மட்டும் ஒரு தனிநூல் விருத்தி எழுதினார் சிவஞான முனிவர். இலக்கண விளக்கம் என்னும் நூலை மறுத்து அவர் எழுதியதன் பெயர் சூறாவளி. 'எடுத்து' என்ற ஒரே சொல்லைக் காக்க அவர் எழுதியது வைரக்குப்பாயம். 1785இல் மறைந்த பேரறிவாளர் அவர். அந்தச் சொல் இன்றுவரை காயமின்றி இருக்கிறது. வாசகர்தாம் சூறாவளியில் ஒதுங்கிவிட்டனர். மூலம், உரை, மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று கீழ்ப்பகுதி நான்கு அடுக்கு ஆனபின் மூலம் பக்கத்தின் உச்சியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அதையும் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிப் போவோர் உளர்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூலத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள், உரையை அதன் உயரத்துக்கு மேல் வளரவிடாதீர்கள். இக்கட்டுரைக்கு உரை எழுத முன்வரும் அறிஞர்கள் பத்தி ஒன்றுக்கு 1,045 எழுத்துக்குள் முடித்துக்கொள்க. மிகுந்தால், அருகிலுள்ள புற்றில் நேரில் சேர்ப்பிக்கவும்.